ஓரான் நகரத்து அராபியர்கள்

2020 ஊரடங்கின்போது நம் எழுத்தாள நண்பர்கள் பலர் காம்யுவின் ‘ப்ளேக்’ நாவலை மறுபடி கையில் எடுத்தார்கள். எடுத்ததில் தவறில்லை. படித்துவிட்டுச் சொன்னதுதான் பழைய பல்லவி: கொள்ளைநோய் மனித நிலைமையின் குறியீடு, நோயின் முன் எல்லோரும் சமம், சாவு அபத்தம். 1947இல் நாவல் வெளியானபோதே, அந்த ப்ளேக் பிரான்சை ஆக்கிரமித்த நாஜிகள்தான் என்று சொல்லியாகிவிட்டது. ஆக்கிரமிப்புக்கு நோயைக் குறியீடாக்கும் விமர்சகர்கள், ஆக்கிரமிப்பின் கீழ் நோய் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதில்லை. என் சண்டை இங்கேதான்.

நாவலிலேயே அதற்கு ஒரு வாசல் திறந்து மூடுகிறது. கதை நடக்கும் ஓரான், பிரான்சின் பிடியிலிருந்த அல்ஜீரியாவின் நகரம். பத்திரிகையாளன் ராம்பேர் அங்கே வருவதே அராபியர்களின் வாழ்க்கை நிலையையும் சுகாதாரத்தையும் விசாரிக்கத்தான். உண்மையை முழுதாக எழுத முடியுமா என்று கேட்கிறார் டாக்டர் ரியூ. முழுதாக முடியாது என்கிறான். அதோடு சரி. அந்த விசாரணை பிறகு தலையெடுப்பதில்லை. பெயருள்ள ஓர் அராபியர்கூடத் தட்டுப்படுவதில்லை. இதைக் கானர் க்ரூஸ் ஓப்ரியன் 1970இலேயே சுட்டிக்காட்டினார். நாம் இன்னும் குறியீட்டைச் சப்பிக்கொண்டிருக்கிறோம்.

ராம்பேர் கைவிட்ட கேள்விக்கு நம் காலத்தில் விடை கிடைத்தது, 1967 முதல் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பில் இருக்கும் மேற்குக் கரையில். 2020 டிசம்பரில் இஸ்ரேல் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கியது. மேற்குக் கரையின் யூதக் குடியேற்றங்களில் வாழ்கிறவர்களுக்கும் ஊசி கிடைத்தது. பக்கத்துக் கிராமத்துப் பாலஸ்தீனியருக்கு இல்லை. (கிழக்கு ஜெருசலேம்காரர்களுக்கு உண்டு. அவர்கள் அடையாள அட்டை வேறு.) ஆக்கிரமித்த பிரதேசத்தில் தொற்றுநோய்த் தடுப்பு ஆக்கிரமித்தவனின் கடமை என்கிறது 1949ஆம் ஆண்டு நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 56ஆம் பிரிவு. ஆஸ்லோ உடன்படிக்கைப்படி அது பாலஸ்தீன நிர்வாகத்தின் பொறுப்பு என்றது இஸ்ரேல். எல்லையும் சோதனைச்சாவடியும் இவர்கள் கையில், ஆஸ்பத்திரி மட்டும் அவர்கள் தலையில்! 2021 பிப்ரவரியில் காஸாவின் மருத்துவ ஊழியர்களுக்கென்று பாலஸ்தீன நிர்வாகம் அனுப்பிய ஸ்புட்னிக் ஊசிமருந்தைக்கூட உடனே உள்ளே விடாமல் நிறுத்திவைத்தார்கள்.

அடுத்த மாதம், இஸ்ரேலிலும் குடியேற்றங்களிலும் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வைத்திருந்த சுமார் ஒரு லட்சம் பாலஸ்தீனத் தொழிலாளிகளுக்கு ஊசி போட இஸ்ரேல் முன்வந்தது. வீட்டிலிருந்த அவர்களுடைய தாயார்கள் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலை யாரோ உட்கார்ந்து எழுதுகிறார்கள். கவுண்டருக்குப் பின்னால் பிழைக்கிற எனக்கு இது விளங்கச் சிரமமில்லை. இதில் எந்த வரியில் அபத்தம் இருக்கிறது என்று நண்பர்கள் காட்டட்டும்.