ஓடி வருவோர்க்கு ஊர் எங்கே?

நம்முள் வசதி படைத்தோரிடையே அண்மைக் காலமாக ஒரு பேச்சு பரவி வருகிறது. பெருநகரங்கள் இனி நிலைக்கமாட்டா. போரோ, கொள்ளைநோயோ, பெருவெள்ளமோ வந்து மின்சாரமும் குடிநீரும் ஒருசேர அற்றுப்போனால் நகரம் ஒரு வாரம்கூடத் தாங்காது. ஆகவே அறிவுடையோர் இப்பொழுதே நாட்டுப்புறத்தில் நிலம் வாங்கி, கிணறு வெட்டி, சுற்றிலும் மதிலெழுப்பி, ஆறு மாதத்துக்கான அரிசியை அடுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஆபத்து தெரிந்ததும் மனைவி மக்களோடு முதல் ஆளாகப் புறப்பட்டுவிட வேண்டும். இதுவே அப்பேச்சின் சாரம். ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் என்னும் பெருமானார் (ஸல்) அவர்களின் போதனையையும் இதற்குத் துணைக்கழைக்கின்றனர்.

நகரம் குலையக்கூடும் என்பதை நாம் மறுக்கவில்லை. முன்னேற்பாடு வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை. மதிலும் மூட்டையும் மக்களைக் காக்கும் என்பதையே மறுக்கிறோம். நம் வரலாறும் மறுக்கிறது. மார்க்கச் சட்டமும் மறுக்கிறது.

ரங்கூனை எடுத்துக்கொள்வோம். அந்நகரம் நமக்கு அந்நியமன்று. சோலியா முஸ்லிம்கள் என்று பெயர்பெற்ற நம்மவர் அங்கே கடை வைத்தனர், பள்ளிவாசல் எழுப்பினர். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்நகர மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். 1941 டிசம்பர் 23ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் முதன்முறையாகக் குண்டு பொழிந்தன. துறைமுகக் கூலிகளும் துப்புரவுத் தொழிலாளரும் உயிருக்கஞ்சி வடக்கே புரோம் சாலையில் நடந்தனர். அவர்கள் நீங்கியதும் நகரம் என்னவாயிற்று? கப்பலில் சரக்கிறக்க ஆளில்லை. தெருவில் குப்பை அள்ள ஆளில்லை. எவரை நகரம் கடைசியில் வைத்து எண்ணியதோ அவரே அதன் தூண்கள் என்பது அன்றுதான் புலப்பட்டது. அரசாங்கம் அவர்களை வழியில் தடுத்துத் திருப்பியது. பலர் திரும்பியும் வந்தனர். 1942 பிப்ரவரியில் நகரைக் காலி செய்ய ஆணை பிறந்தபோது சிறைச்சாலையின் கதவும் மனநோயாளர் விடுதியின் கதவும் திறந்துவிடப்பட்டன. கொள்ளையும் தீயும் மிஞ்சின. மார்ச் 8ஆம் நாள் ஜப்பானியர் நுழைந்தது ஏறத்தாழ ஆளற்ற நகரத்துக்குள்.

கப்பலில் இடம் கிடைத்தோர் சிலர். ஏனையோர் நடந்தனர். புரோமிலிருந்து மலை கடந்து தௌங்குப் வழியே அரக்கான் கரைக்கு ஒரு பாதை. கலேவா, தாமு வழியே மணிப்பூருக்கு ஒரு பாதை. இவ்விரண்டும் எட்டாதோர்க்கு வடகோடியில் ஹூக்காங் பள்ளத்தாக்கின் வழியே அஸ்ஸாமுக்கு ஒரு பாதை. தரைவழியே வந்து சேர்ந்தோர் நான்கு லட்சத்துக்குக் குறையார் என்பது பொதுவான மதிப்பீடு. வழியில் மாண்டோர் பல்லாயிரவர்; சரியான கணக்கை எவரும் எடுத்ததில்லை. வெள்ளையர்க்கொரு வழி, இந்தியர்க்கொரு வழி எனப் பிரித்து நடத்தியதாக அக்காலத்திலேயே கண்டனம் எழுந்தது.

அவர்களுள் பிழைத்தவர் எவ்வாறு பிழைத்தனர்? மணிப்பூர்ப் பாதையில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரைக் கொண்டு இடையிடையே தங்குமிடங்கள் அமைத்தனர், அரிசி வேகவைத்தனர். அத்தகைய ஏற்பாடு இருந்த கட்டங்களில் மக்கள் எழுந்து நடந்தனர். தௌங்குப் கணவாயில் நீருக்கும் ஒழுங்கில்லை, மருந்துக்கும் ஒழுங்கில்லை. காலரா வாரிக்கொண்டு போயிற்று. ஹூக்காங் பள்ளத்தாக்கில் மே மாதத்து மழை இறங்கியதும் சேறும் பசியும் காய்ச்சலும் ஒன்றாய்ச் சூழ்ந்தன. இடுப்பில் முடிந்து வைத்த பொன் அங்கே ஒரு பிடி சோறாகவில்லை. ஓடுவோர் எவ்வளவு சுமந்தனர் என்பதைவிட, வழியிலும் போய்ச் சேரும் இடத்திலும் அவர்களுக்காக யார் காத்திருந்தனர் என்பதே உயிரையும் மரணத்தையும் பிரித்தது.

இனி, மதில் கட்டுவோரிடம் மார்க்கச் சட்டத்தின் பக்கம் நின்று வினவுகிறோம். மக்கள் பசித்திருக்கையில் உணவுப் பண்டத்தை முடக்கி வைப்பது இஹ்திகார். நம் ஃபுகஹாக்கள் அதைக் கண்டித்துள்ளனர். அதனினும் கடுமையானதொரு சட்டம் உண்டு. பசியால் சாகும் நிலையிலுள்ளவனை அவர்கள் முழ்தர்ரு என்பர். தன் உடனடித் தேவைக்கு மிஞ்சிய உணவை வைத்திருப்பவன் அவனுக்குத் தருவது கடமை. தர மறுத்தால் பசித்தவன் அதை வலிந்தும் எடுத்துக்கொள்ளலாம். விலையைப் பின்னர் ஈடு செய்தால் போதும். உயிர் காக்கும் இக்கடமையில், அண்டை அயலில் நம்மோடு வாழும் பிற சமயத்தாரை விலக்கிவைக்க இடமில்லை. அவ்வாறாயின், ஆறு மாத அரிசியைச் சூழ்ந்து நிற்கும் அந்த மதில் யாரிடமிருந்து எதைக் காக்கிறது? வாசலில் பசித்து நிற்பவனுக்கு மார்க்கம் வழங்கிய உரிமையைத் தடுப்பதற்கன்றோ அது பயன்படப்போகிறது!

ஸகாத்துக்குரியோராகத் திருமறை வகுத்த எட்டு வகையினருள் இறுதியாய் நிற்பவர் இப்னுஸ் ஸபீல், வழிப்போக்கர். அவர் தம் ஊரில் செல்வராயிருப்பினும், அச்செல்வம் கைக்கெட்டாத இடத்தில் தவிக்கும்போது ஸகாத்துக்குத் தகுதியுடையவராகிறார். இதன் ஆழத்தை நாம் எண்ணிப் பார்த்தோமில்லை. நேற்றுவரை கடைமுதலாளியாயிருந்தவர் இன்று மாற்றுடையின்றி வந்து நிற்கும்போது, அவர் நாணித் தலைகுனியாமல் கைநீட்ட மார்க்கம் வழி செய்து வைத்திருக்கிறது. நம் மஹல்லாக்களோ அவ்வகையை ஏட்டளவில் வைத்துள்ளன. "எங்களூர் ஸகாத் எங்களூர் ஏழைக்கே" என்று வாதிடும் முத்தவல்லிகளும் உளர். ஸகாத்தை ஊர் கடத்தலாகாது என்னும் ஷாஃபியீ சட்டத்தை அவர்கள் காட்டுவர். ஊர் எல்லைக்குள் வந்து நிற்கும் வழிப்போக்கர் அவ்வூரிலேயே உரிமை பெற்றவர் என்பதை ஏன் மறைக்கின்றனர்?

"மதீனாவின் கதை வேறு, அது ஸஹாபாக்களின் காலம்" என்று சிலர் தப்பிக்க முயலக்கூடும். மதீனாவில் நடந்தது உணர்ச்சிப் பெருக்கு மட்டுமன்று. அது திட்டமிட்ட ஏற்பாடு. முஹாஜிர் ஒருவருக்கு அன்ஸாரி ஒருவர் என இணைத்துச் சகோதரராக்கினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். பேரீச்சந் தோப்புகளைப் பாதியாய்ப் பிரித்துத் தர அன்ஸாரிகள் முன்வந்தபோது நிலப்பிரிவினையை ஏற்கவில்லை. முஹாஜிர்கள் உழைப்பில் துணைநின்று விளைச்சலில் பங்கு பெற்றனர். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் கொடுக்க வந்த பாதிச் சொத்தை வாழ்த்தி மறுத்துவிட்டுக் கடைத்தெரு எங்கே எனக் கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று நிமிர்ந்தார்கள். வந்தவர் இரவலராகவே நின்றுவிடவில்லை, வரவேற்றவர் வறுமையுறவுமில்லை.

அந்த ஒழுங்கின்றி இரக்கம் மட்டும் இருந்தால் என்ன நேரும் என்பதையும் நம் தலைமுறை கண்டது. 1990 அக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாண நகர முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரத் தவணையில் வெளியேற்றினர். அம்மாதத்தில் வட மாகாணத்திலிருந்து விரட்டப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். தமிழே பேசிய மக்கள், தமிழரென்றே உரிமை கோரிய ஆயுதத்தால் துரத்தப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினரைப் புத்தளம் ஏற்றது. அவ்வூர் மக்கள் பள்ளிவாசல்களைத் திறந்தனர், அடுப்பு மூட்டினர். அந்த நன்றி என்றும் உரியது. ஆயினும் வாரங்கள் ஆண்டுகளாயின. நிலம், கூலிவேலை, பள்ளியில் இடம் என ஒவ்வொன்றிலும் கசப்பு முளைத்தது. "அகதி" என்னும் பெயர் அங்கேயே பிறந்த பிள்ளைகளையும் ஒட்டிக்கொண்டது. குறை புத்தளத்தாரின் உள்ளத்திலில்லை. ஏழை ஊரொன்றின் தோளில் முழுச் சுமையையும் வைத்துவிட்டு அரசும் வசதி படைத்தோரும் விலகி நின்றதே குறை.

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. ஓடி வருவோரை ஏற்பது ஃபர்ளு கிஃபாயா என உணர்ந்து ஒவ்வொரு ஜமாஅத்தும் இன்றே செயற்படட்டும். ஊரில் வற்றாத கிணறு எத்தனை, பள்ளிவாசலிலும் மதரஸாவிலும் மண்டபத்திலும் எத்தனை பேர் தங்கலாம், மருத்துவரும் தாதியரும் யாவர் என்பதெல்லாம் ஏட்டில் ஏறட்டும். பைத்துல்மாலில் இப்னுஸ் ஸபீல் பங்குக்குத் தனிக்கணக்கு எழுதப்படட்டும். வரும் குடும்பம் ஒவ்வொன்றையும் ஊர்க் குடும்பம் ஒன்றோடு இணைக்கும் முறையும், முதல் மாதத்துக்குள் அவர்களுக்குத் தொழில் காட்டும் முறையும் வகுக்கப்படட்டும். நகரத்தில் வாழ்வோர் தம் தெருவிலுள்ள கூலியாளரையும் துப்புரவாளரையும் விட்டுவிட்டு ஓடுவதில்லை என்று உறுதி கொள்ளட்டும். நிலம் வாங்கிய செல்வரே, அங்கே கிணற்றையும் வெட்டுங்கள், அரிசியையும் சேருங்கள். மதில் எழுப்ப வைத்திருக்கும் செங்கல்லைக் கொண்டு நாலு அறைகள் கட்டிப் போடுங்கள். சாவியை ஜமாஅத்திடம் கொடுத்து வையுங்கள். வல்ல நாயன் அவ்வறைகளுக்குத் தேவை வராமலே காப்பானாக. ஆமீன்.