‘தேவையான அளவு’ சமையலுக்குச் சரி... சாஃப்ட்வேருக்கு ஆகுமா?

சமையல் குறிப்பில் ‘உப்பு - தேவையான அளவு’ என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டு யாரும் சண்டைக்கு வருவதில்லை. காட்டுமன்னார்கோவில் பக்கத்திலுள்ள லால்பேட்டையில் ஒரே பிரியாணிக் குறிப்பை ஐந்து வீடுகளுக்குக் கொடுத்தால் ஐந்து ருசி வரும். கைப்பக்குவம் என்று சொல்லி ரசித்துச் சாப்பிட்டுவிடலாம்.

அதே லால்பேட்டையில் பல வீடுகளிலிருந்து ஒருவராவது வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போயிருப்பார். அவர் அனுப்பும் பணம், பேசும் வீடியோ கால், ஊருக்கு வர எடுக்கும் விமான டிக்கெட் எல்லாம் செல்போன் ஆப் வழியாகத்தான். அந்த ஆப் தயாராகும் இடத்தில் கைப்பக்குவம் புகுந்தால்? ஒரே கோடை இரண்டு கம்ப்யூட்டர்களில் கொடுத்து, இரண்டு விதமான ஆப் வெளியே வந்தால்? எது அசல், எதில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே கோடு, ஒரே செய்முறை. யார், எங்கே, எப்போது செய்தாலும் ஒரு பிட்கூட மாறாத அதே ஆப். இதைத்தான் ‘ரீப்ரொடியூசபிள் பில்ட்’ என்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால், கோடை எடுத்துவரும் முதல் படியிலேயே பலரும் சறுக்கிவிடுகிறார்கள்.

மீன், லேபிள், கைரேகை

உலகில் பெரும்பாலான புரோகிராமர்கள் தங்கள் கோடைச் சேமித்து வைப்பது ‘கிட்’ என்ற வெர்ஷன் கன்ட்ரோல் சாஃப்ட்வேரில். லினக்ஸைத் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கியது இது. கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் ‘கமிட்’ என்று பதிந்துகொள்ளும். ஒவ்வொரு கமிட்டுக்கும் 40 இலக்கங்கள் கொண்ட ‘ஹாஷ்’ ஒன்று கிடைக்கும். கோடு, எழுதியவர், தேதி, முந்தைய கமிட் என எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு வருவது அது. ஒரு கமா மாறினாலும் ஹாஷ் மொத்தமாக மாறிவிடும்.

இந்தக் களஞ்சியத்திலிருந்து கோடை மூன்று விதமாகக் கேட்கலாம். ‘மெயின் பிராஞ்சில் இருப்பதைக் கொடு’ என்பது, ‘இன்னிக்கு வந்த மீன்ல ஒரு கிலோ’ என்று கேட்பது போல. நாளைக்கு வேறு மீன் வரும். ‘வெர்ஷன் 2 என்று டேக் போட்டதைக் கொடு’ என்பது, டப்பா மேலிருக்கும் லேபிளைப் பார்த்து வாங்குவது. லேபிளை உரித்து வேறு டப்பாவில் ஒட்ட முடியும். மூன்றாவது, ஹாஷைச் சொல்லிக் கேட்பது. அது கைரேகை. வேறு ஆள் வந்து நின்றால் ஒத்துப்போகாது.

லேபிளை உரித்தவர்கள்

லேபிள் மாற்றும் வேலை நிஜமாகவே நடந்தது. 2025 மார்ச்சில், ‘டிஜே-ஆக்‌ஷன்ஸ்’ என்ற குழுவின் கருவி ஒன்றில் விஷமிகள் புகுந்தார்கள். 23,000-க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் தங்கள் பில்டில் பயன்படுத்திவந்த கருவி அது. வந்தவர்கள் புதிய வெர்ஷன் எதையும் வெளியிடவில்லை. பழைய வெர்ஷன்களின் டேக்குகளை எடுத்து, தங்கள் நச்சுக் கோடு இருக்கும் கமிட்டின் மேல் ஒட்டிவிட்டார்கள். அவ்வளவுதான்!

நேற்றுவரை எந்த வெர்ஷனைப் பயன்படுத்தினார்களோ, அதே வெர்ஷனை இன்றும் கேட்டவர்களுக்கு வந்து சேர்ந்தது வேறு பொருள். பாஸ்வேர்டுகளும் ரகசியச் சாவிகளும் பில்ட் பதிவேட்டில் அச்சாகின. தங்கள் கோடில் ஒரு வரிகூட மாற்றாதவர்களும் மாட்டிக்கொண்டார்கள். பழைய கமிட்டின் முழு ஹாஷை எழுதி வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

அரிசி அதே, முடிச்சு வேறு

சோதனை செய்தவர்களும் சிக்கலில் மாட்டிய கதை உண்டு. கிட்ஹப் தளத்தில், குறிப்பிட்ட வெர்ஷனின் கோடு முழுவதையும் சுருக்கி ஒரே மூட்டையாக டவுன்லோட் செய்யும் வசதி இருக்கிறது. பலரும் அந்த மூட்டையின் ஹாஷைக் குறித்துவைத்து, ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்த்துவந்தார்கள்.

2023 ஜனவரி 30 அன்று, கிட்ஹப் தன் சர்வர்களில் ‘கிட்’டைப் புதிய வெர்ஷனுக்கு மாற்றியது. அதில் சுருக்கும் முறை கொஞ்சம் வேறு. உள்ளே கோடு அட்சரம் பிசகாமல் அப்படியே இருந்தது. ஆனால், மூட்டையின் ஹாஷ் மாறிப்போனது. பல நாடுகளில் பில்டுகள் வரிசையாக நின்றன. அன்றே பழைய முறைக்குத் திரும்பியது கிட்ஹப்.

மூட்டையின் முடிச்சைப் பார்ப்பதைவிட, உள்ளே இருக்கும் அரிசியைப் பார்ப்பதே சரி. அதாவது, கமிட்டின் ஹாஷைச் சரிபார்க்க வேண்டும். மூட்டைதான் வேண்டும் என்றால், அதில் ஒரு பிரதியை நாமே பத்திரப்படுத்த வேண்டும்.

அரை நொடி தாமதம்

2024 மார்ச் 29. ‘எக்ஸ்-இசட்’ என்ற சுருக்குக் கருவியில் ரகசியக் கதவு ஒன்று இருப்பதாக, மைக்ரோசாஃப்ட் இன்ஜினீயர் ஆண்ட்ரெஸ் ஃப்ரூண்ட் உலகுக்கு அறிவித்தார். தன் கம்ப்யூட்டரில் லாக்-இன் ஆக அரை நொடி கூடுதலாகிறதே என்று தோண்டப்போய்க் கிடைத்தது அது. இன்னும் சில வாரங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால், உலகெங்கும் எண்ணற்ற லினக்ஸ் சர்வர்களில் அந்தக் கதவு குடியேறியிருக்கும்.

ரகசியக் கோடு, சோதனைக்கான ஃபைல்கள் என்ற போர்வையில் களஞ்சியத்தில் இருந்தது. ஆனால், அதை உயிர்ப்பிக்கும் வரிகள் அங்கே இல்லை. வெளியீட்டுக்காகத் தனியாகத் தயாரித்த மூட்டையில் மட்டுமே இருந்தன. களஞ்சியத்தை மட்டும் படித்தவர்களால் கண்டுபிடிக்க முடியாத இடம் அது. ‘எல்லோரும் பார்க்கும் கோடிலிருந்துதான் பில்ட் செய்ய வேண்டும்’ என்று நிபுணர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

நம் ஊர் லேப்டாப்பிலும்

இந்த ஒழுங்கைக் கொண்டுவர 2013-லிருந்து பாடுபடுகிறது ‘டெபியன்’ லினக்ஸ் குழு. பில்ட் செய்யும்போது கம்ப்யூட்டரின் கடிகாரம், ஃபோல்டரின் பெயர், ஃபைல்களின் வரிசை எல்லாம் ஆப்புக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். காலையில் செய்த பில்டும் மாலையில் செய்த பில்டும் வேறுபடுவது அதனால்தான். எனவே, பில்ட் செய்த நேரத்துக்குப் பதிலாகக் கோடு கடைசியாக மாறிய நேரத்தை எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். வெவ்வேறு இடங்களில் பில்ட் செய்து ஒப்பிடவும் ஆரம்பித்தார்கள்.

டெபியனை எங்கேயோ இருக்கும் பெயர் என்று நினைக்க வேண்டாம். தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸுடன் வந்த ‘பாஸ்’ லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் சென்னை மையம் உருவாக்கியது.

செல்போனிலும் இது சாத்தியம்தான். ஆண்ட்ராய்டுக்கான சிக்னல் ஆப்பை நாமே பில்ட் செய்து, பிளே ஸ்டோரில் இருப்பதோடு ஒப்பிடும் வழிமுறையை 2016-லேயே வெளியிட்டார்கள்.

கொரோனா காலத்தில் கோடிக்கணக்கானோர் இறக்கிக்கொண்ட ஆரோக்ய சேது ஆப்பின் ஆண்ட்ராய்டு கோடை, மத்திய அரசு 2020 மே 26 அன்று வெளியிட்டது. நல்ல தொடக்கம். ஆனால், கோடைக் காட்டுவது பாதிக் கிணறுதான். ‘உங்கள் போனில் இருப்பது இந்தக் கோடிலிருந்து வந்ததுதான்’ என்று எவரும் சரிபார்க்க வழி செய்தால்தான் முழுக் கிணறு. மக்கள் பணத்தில் உருவாகும் ஒவ்வோர் ஆப்புக்கும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

மாணவர்களே, கொஞ்சம் கவனியுங்கள்!

சிதம்பரத்தில் படித்தாலும் சென்னையில் படித்தாலும், ஃபைனல் இயர் பிராஜெக்ட் நாளில் ஒரு குரல் கேட்டே தீரும்: “என் லேப்டாப்ல ஓடுச்சே சார்!” அந்தக் குரல் உங்களுடையதாக இருக்க வேண்டாம் என்றால்...

• அடுத்தவர் கோடை எடுக்கும்போது பிராஞ்ச், டேக் பெயரோடு நிற்காதீர்கள். முழு கமிட் ஹாஷை எழுதுங்கள்.

• லாக் ஃபைலையும் களஞ்சியத்தில் சேருங்கள். எந்த லைப்ரரியின் எந்த வெர்ஷன் என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது.

• முக்கியமான லைப்ரரிகளுக்குச் சொந்தப் பிரதி வையுங்கள். 2016-ல் ‘லெஃப்ட்-பேட்’ என்ற 11 வரிக் கோடை அதன் ஆசிரியர் நீக்கியபோது, அதை நம்பியிருந்த ஏராளமான பில்டுகள் படுத்துவிட்டன.

• சமர்ப்பிக்கும் முன், நண்பரின் கம்ப்யூட்டரில் முதலிலிருந்து ஒருமுறை பில்ட் செய்து பாருங்கள்.

ஹாஷைப் பூட்டி வைத்துவிட்டு மறந்துபோவதும் ஆபத்து. அந்தப் பழைய கோடில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், சரிசெய்த புதிய கோடு தானாக வராது. நாம்தான் பார்த்து, சோதித்து, புதிய ஹாஷுக்கு மாற வேண்டும். கொஞ்சம் கூடுதல் வேலைதான். ஆனால், அடுத்த மாற்றம் உள்ளே வருவது நமக்குத் தெரிந்து வரும்.