கருணையா? நியாயமா?

அதிகாரத்தில் உள்ளவர்கள் ஒரு கைதியைக் கருணை காட்டி விடுதலை செய்தால் உலகம் அவர்களைத் தர்மவான்கள் என்று புகழும். ஆனால் அதே அதிகாரி, "இவனைத் தண்டித்ததுதான் குற்றம்" என்று சொல்லிவிட்டாலோ அவரைக் கரித்துக் கொட்டும். இதற்கு, அமெரிக்காவில் இல்லினாய்ஸ் ராஜ்யத்தின் கவர்னராக 1893 முதல் 1897 வரை இருந்த ஜான் பீட்டர் ஆல்ட்கெல்டின் வாழ்க்கையைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

இவர் 1847-ல் ஜெர்மனியில் பிறந்து, கைக்குழந்தையாய் அமெரிக்காவுக்கு வந்தவர். ஏழைக் குடியானவர் வீட்டில் வளர்ந்து, 16-வது வயதில் உள்நாட்டு யுத்தத்தில் சிப்பாயாகி, பிறகு உபாத்தியாயராய் இருந்து, வக்கீலாகி, சிக்காகோவில் நிலம் கட்டடம் வாங்கி விற்றுப் பெரும் பணம் சேர்த்து, நீதிபதியாகவும் இருந்தார். ஆகவே இவரைப் பொறாமை கொண்ட ஒரு இல்லாதவர் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

நிற்க, 1886-ம் வருஷம் மே 4-ந் தேதி, 8 மணி நேர வேலைக் கிளர்ச்சி நடந்த சமயத்தில், சிக்காகோ ஹேமார்க்கெட்டில் கூட்டத்தைக் கலைக்க வந்த போலீசார்மீது யாரோ வெடிகுண்டு வீசினார்கள். போலீசார் 7 பேர் மாண்டார்கள். வீசியவன் யார் என்று ருஜுவாகவே இல்லை. ஆனாலும் 8 பேரைப் பிடித்து, அவர்கள் பேசியதையும் எழுதியதையும் கொண்டே 7 பேருக்குத் தூக்கும், ஒருவருக்கு 15 வருஷச் சிறையும் விதித்தார்கள். 1887 நவம்பர் 11-ல் 4 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஒருவர் முதல் நாளே சிறையில் உயிரை மாய்த்துக் கொண்டார். இருவருக்குத் தூக்கு ஆயுள் தண்டனையாயிற்று. ஆக பீல்டன், ஷ்வாப், நீபி என்ற மூவர் சிறையில் மிஞ்சினார்கள்.

ஆல்ட்கெல்ட் கவர்னரானதும், "பட்டது போதும், விட்டுவிடலாம்" என்று சிக்காகோவின் பெரிய மனிதர்கள் பலரே கையெழுத்திட்டு விண்ணப்பம் செய்தார்கள். அவர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் கைதிகளுக்கு விடுதலையும், அவருக்குக் கீர்த்தியும் கிடைத்திருக்கும். ஆனால் அவர் வழக்குக் கட்டு முழுவதையும் படித்தார். விசாரணை நேர்மையாய் நடந்திருந்தால் நான் தலையிடவே கூடாது என்றார். நேர்மையாய் நடக்கவில்லை என்பதற்கு, ஜூரிகள் வேண்டுமென்றே பொறுக்கி எடுக்கப்பட்டார்கள், குண்டு வீசியவனுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் காட்டப்படவில்லை, நீதிபதி பாரபட்சமாய் நடந்தார் என்று காரணங்களை அடுக்கி, 1893 ஜூன் 26-ல் மூவரையும் விடுதலை செய்தார்.

உடனே பத்திரிகைகள் அவரை அராஜகவாதி என்றும், அன்னியன் என்றும் தூற்றின. 1894-ல் புல்மன் வேலை நிறுத்தத்தின்போது, தன்னைக் கேளாமல் மத்திய சர்க்கார் பட்டாளத்தை அனுப்பியதை அவர் ஆட்சேபித்ததும் தூற்றல் இன்னும் பெருகிற்று. 1896 தேர்தலில் தோற்றார். தேடிய சொத்தையும் பெரும்பாலும் இழந்து 1902-ல் இறந்தார்.

"காரணம் சொல்லாமல் விட்டிருந்தால் பதவியும் நிலைத்திருக்கும், இன்னும் பல நன்மைகளும் செய்திருக்கலாமே" என்று சில புத்திசாலிகள் சொல்லக்கூடும். 1893-ல் குழந்தைகளையும் பெண்களையும் காப்பாற்றத் தொழிற்சாலைச் சட்டம் கொண்டுவந்தவர் அவர் என்பதால் இது அடியோடு தள்ளக்கூடிய வாதமும் அல்ல. ஆனால் நாம் கேட்கிறோம்: கருணையால் வெளிவந்தவன் குற்றவாளியாகவே அல்லவா வெளிவருகிறான்? ஜூரிகளைப் பொறுக்கியவர்களும், பாரபட்ச நீதிபதியும் யோக்கியர்களாகவே அல்லவா நிற்கிறார்கள்? தூக்கில் மாண்ட நால்வருக்குக் கருணையால் ஆவதென்ன? அந்த நால்வரையும் கொலைகாரர்கள் என்ற பழியிலிருந்து மீட்டவை ஆல்ட்கெல்ட் எழுதிய காரணங்களேயன்றி, அவர் போட்ட கையெழுத்தல்ல.

அவர்கள் நினைவோடு சேர்ந்த மே தினத்தை 1923-ல் சென்னையில் தோழர் சிங்காரவேலு கொண்டாடினார். அந்நாளைக் கொண்டாடுகிறவர்கள் ஆல்ட்கெல்டையும் நினைக்கக் கடமைப்பட்டவர்கள் ஆவார்கள். கருணை கொடுப்பவனைப் பெரியவனாக்கும்; நியாயமோ பெறுகிறவனை மனிதனாக்கும். இவ்விரண்டில் மனிதனுக்கு வேண்டியது இன்னது என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.