களைப்புக்கு எம்ஆர்ஐ இல்லை

பெண்கள் கூடைப்பந்துத் தொடரில் ஆடும் அணிகளின் கான்பரன்ஸ்களுக்கும் பங்குப் பணம் தர, 2025 ஜனவரியில் 292–0 என்ற கணக்கில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ நிறைவேற்றிய யூனிட் தீர்மானம் பற்றி இந்த இதழின் நிலைப்பாடு என்ன என்று பிசியோக்கள் பலர் கேட்கிறார்கள். வரவேற்கிறோம். முதல் ஆண்டு 1.5 கோடி டாலர், மூன்றாம் ஆண்டில் 2.5 கோடி. ஆண்கள் போட்டிக்கு 1991 முதலே கிடைத்துவரும் பணம் என்பதால் நன்றி சொல்ல மட்டும் மனம் வரவில்லை.

நமக்குரிய கேள்வி, இந்தப் பணத்தின் பாரம் யாருடைய முழங்காலில் இறங்கும் என்பது.

எஸ்இசி, பிக் டென் கான்பரன்ஸ் தொடர்கள் புதனன்று தொடங்கி ஞாயிறன்று முடிகின்றன. முதல் நான்கு சீட்களுக்கு டபுள் பை: முதல் இரண்டு சுற்றுகள் ஆட வேண்டியதில்லை. மூன்று ஆட்டம் போதும். கடைசி வரிசை அணி கோப்பையைத் தொட ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஆட வேண்டும். என்சிஏஏ தொடரிலோ ஆட்டங்களுக்கு நடுவே ஒரு நாளாவது ஓய்வு உண்டு. அங்கே தேவைப்படும் ஓய்வு இங்கே எப்படித் தேவையற்றுப்போனது?

இப்போது யூனிட்டைச் சேர்த்துப் பாருங்கள். கான்பரன்ஸ் கோப்பையை வெல்லும் அணிக்கு என்சிஏஏ தொடரில் நேரடி இடம். 2025இல் எஸ்இசியில் 15–1 என்று சமநிலையில் நின்ற சவுத் கரோலினாவுக்கும் டெக்சாஸுக்கும் என்சிஏஏ அழைப்பு எப்போதோ உறுதி. அவர்கள் கோப்பை வெல்வதால் மட்டும் கான்பரன்ஸுக்குப் புது யூனிட் வராது. அழைப்பு நிச்சயமில்லாத அணி ஒன்று கீழிருந்து மேலேறி வென்றால்தான் வரும். ஆக, ஓய்வே இல்லாமல் ஆடும் அணியின் மேல்தான் புதுப் பணத்தின் கண். நான்கு நாளாகத் தினமும் 38 நிமிடம் ஆடிய பாயின்ட் கார்டை ஐந்தாம் நாள் உட்கார வையுங்கள் என்று சொல்ல எந்த பிசியோவுக்கு வாய் வரும்? மருத்துவக் குழுவின் சொல்லே இறுதி என்ற விதி இருக்கிறது. அது காயத்துக்குத் துணை நிற்கும். களைப்புக்கு நாம் எந்தப் படத்தை எடுத்துக் காட்டுவது?

முழங்காலின் ஏசிஎல் கிழிவதற்கெல்லாம் அட்டவணைதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. யுஎஸ்சி வீராங்கனை ஜூஜூ வாட்கின்ஸ் 2025 மார்ச் 24 அன்று ஏசிஎல் கிழிந்து விழுந்தது, ஒரு நாள் ஓய்வுக்குப் பிந்தைய என்சிஏஏ ஆட்டத்தில். ஆனால் பெண்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு என்று தெரிந்துகொண்டே, நம் கையில் இருக்கும் ஒரு காரணியைத் தொடாமல் விடுவது என்ன நியாயம்?

2021இல் பெண்கள் தொடருக்கு ஆண்களுக்குச் சமமான எடைப்பயிற்சி அறை தராத விவகாரம் வெடித்ததும், அந்தப் பாகுபாட்டை ஆராய்ந்த கப்லான் அறிக்கை வந்தது. 2022இல் ஆண்கள் என்சிஏஏ தொடரின் ‘மார்ச் மேட்னஸ்’ பெயரும் பெண்களுக்குக் கிடைத்தது. கான்பரன்ஸ் அட்டவணை மட்டும் கமிஷனர்களின் தனிச் சொத்து. ஆண்களும் இப்படித்தானே ஆடுகிறார்கள் என்று பதில் வரும். சமத்துவத்தை இந்த ஒன்றில் மட்டும் பிசகாமல் காப்பாற்றுகிறார்கள்!

இடம் இல்லையா என்றால், இருக்கிறது. 2025இல் எஸ்இசி, பிக் டென் இறுதி ஆட்டங்கள் இரண்டும் மார்ச் 9இல் முடிந்தன. என்சிஏஏ தேர்வு 16ஆம் தேதி. நடுவே கிடந்த அந்த வாரத்தில் இரண்டு நாளை எடுத்துத் தொடருக்குள் வைக்கலாம். அரங்க வாடகை கூடும். அதைக் கட்டத்தான் இப்போது யூனிட் பணம் வருகிறதே. அல்லது ஐவி லீக் போல நான்கு அணிகளோடு நிறுத்தலாம்; 2025இல் அங்கிருந்தும் மூன்று அணிகள் என்சிஏஏ ஏறின.

அடுத்த தொடர் முடிந்ததும் உங்கள் அணியின் நிமிடக் கணக்கை நாள்வாரியாகக் கான்பரன்ஸ் அலுவலகத்துக்கு எழுதி அனுப்புங்கள். நகல் நமக்கும் வரட்டும்.