பெறுபேற்றுத் தாளில் தெரியாத ஆங்கிலம்



நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசித்து வந்தவர்கள் நம் தோட்டங்களில் பலர் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, புங்குடுதீவின் கோடியில் உள்ள குறிகட்டுவான் துறையில் படகு பிடித்தது அவர்களுக்கு நினைவிருக்கும். அதே துறையிலிருந்துதான் நெடுந்தீவுக்கும் படகு போகிறது. அது ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. படகு ஓடாவிட்டால் வெளியிலிருந்து வரும் ஆசிரியரும் வரமாட்டார். மண் சரிந்து பாதை மூடிய நாளில் நம் தோட்டப் பாடசாலை எப்படி இருக்குமோ, அப்படித்தான் அங்கும்.

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவுப் பிள்ளைகள் தீவகக் கல்வி வலயத்தில் படிக்கிறார்கள். அங்கே தகப்பன் கடலுக்குப் போகிறார், இங்கே தாய் மலைக்குப் போகிறார். இரண்டு இடத்துப் பாடசாலைகளும் கஷ்டப் பிரதேசப் பட்டியலில்தான் பெரும்பாலும் வருகின்றன. நியமனம் கிடைத்து வரும் ஆசிரியர் சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அவருடைய நாற்காலி மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடக்கிறது. அது ஆங்கில ஆசிரியரின் நாற்காலியாக இருந்தால் அந்த ஆண்டே பிள்ளைக்குப் போய்விடுகிறது.

ஆனாலும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் நெடுந்தீவுப் பிள்ளைக்கும், நம் பிள்ளைக்கும், கொழும்பில் பெரிய பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கும் ஒரே ஆங்கில வினாத்தாள்தான். அது ஒன்றாக இருப்பது நியாயமே. நாம் கேட்பது வேறு கேள்வி. அந்த வினாத்தாள் எதை அளக்கிறது?

வாசிப்பை அளக்கிறது, எழுத்தை அளக்கிறது. இடைவெளி நிரப்பு, பந்தியை வாசித்து விடை எழுது, கடிதம் எழுது, அறிவித்தல் எழுது என்று கேட்கிறது. பரீட்சை தொடங்கி முடியும்வரை பிள்ளை வாய் திறக்க வேண்டியதில்லை. பிறர் பேசுவதைக் கேட்டு விளங்கிக்கொள்ளவும் வேண்டியதில்லை. கடைசியில் வீட்டுக்கு ஓர் எழுத்து வருகிறது. 75க்கு மேல் 'ஏ', 65க்கு மேல் 'பி', 50க்கு மேல் 'சி', 35க்கு மேல் 'எஸ்', அதற்கும் கீழே 'டபிள்யூ'. பிள்ளையால் ஆங்கிலத்தில் என்ன செய்ய முடியும் என்பதை அந்த எழுத்தைப் பார்த்துத் தாய் தகப்பன் அறிய முடியாது.

நாங்கள் படிப்பித்த ஒரு மாணவி ஆங்கிலத்தில் 'சி' எடுத்தாள். பத்துக் கடிதங்களையும் பத்துக் கட்டுரைகளையும் பாடமாக்கியிருந்தாள். அப்படிப் பாடமாக்கச் சொன்னதும் நாங்கள்தான். பிறகு ஒரு ஹோட்டலில் வரவேற்பு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். கேள்வி அவளுக்கு விளங்கியது, வாய் வரவில்லை. திரும்பி வந்து, "டீச்சர், இதை நீங்க ஒருநாளும் கேக்கலையே" என்றாள். எங்களிடம் பதில் இருக்கவில்லை. பரீட்சையில் வராததை நாங்கள் வகுப்பில் கேட்கவில்லை என்பதே உண்மை.

இடைநிலை ஆங்கிலம் என்றால் என்ன? ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட மொழித்தர அளவுகோலை இன்று பல நாடுகள் பின்பற்றுகின்றன. அதில் ஆறு படிகள் உண்டு. மூன்றாம் படிதான் இடைநிலையின் தொடக்கம். அந்தப் படியில் உள்ளவர் பழகிய விஷயத்தைக் கேட்டு விளங்கிக்கொள்வார், நடந்ததைச் சொல்வார், தன் கருத்துக்குக் காரணமும் சொல்வார். நெடுந்தீவுத் துறையில் இறங்கும் வெளிநாட்டவர் பெருக்க மரத்துக்கும் ஒல்லாந்தர் கோட்டைக்கும் வழி கேட்கிறார், திரும்பிப் போகப் படகு எத்தனை மணிக்கு என்றும் கேட்கிறார் என்று வையுங்கள். பத்தாம் தரப் பிள்ளை தயங்காமல் விளக்கினால் அது ஆங்கிலம். நம் பக்கத்தில், தேயிலைத் தொழிற்சாலை பார்க்க வருபவருக்குக் கொழுந்து எப்படித் தேயிலையாகிறது என்று சொன்னால் அது ஆங்கிலம். இதை அளக்கப் பெரிய செலவு வேண்டாம். ஆசிரியர் ஒருவர், பிள்ளைக்கு ஐந்து நிமிடம், ஒரு தாள் போதும்.

இது நடக்காத காரியமல்ல. நம் முன்னோரைப் போலவே தமிழகத்திலிருந்து மலேசிய இறப்பர் தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே எஸ்.பி.எம். பரீட்சை எழுதுகிறார்கள். 2021 முதல் அதில் ஆங்கிலத்துக்கு வாசித்தல், எழுதுதல், பேசுதல், கேட்டல் என நான்கும் தனித்தனியே சோதிக்கப்படுகின்றன.

ஆங்கிலம் வந்தால் தமிழ் போய்விடும் என்று அஞ்சுபவர்களும் நம்மிடையே உண்டு. ஊர்காவற்றுறைக் கரம்பொனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கிலச் சஞ்சிகையைத் தொடங்கி, தமிழின் பெருமையை உலக அறிஞர்களிடம் கொண்டுபோனவர் அவர். 13ஆவது திருத்தத்தின்படி இந்த நாட்டின் இணைப்பு மொழியும் ஆங்கிலமே. நம் தோட்டங்களிலோ அது நெடுங்காலம் துரையின் மொழியாகவும் கந்தோரின் மொழியாகவும் மட்டுமே இருந்தது.

ஓர் ஆபத்தையும் மறைக்கக்கூடாது. ஆசிரியரைக் கொடுக்காமல் பேச்சுப் பரீட்சையை மட்டும் கொண்டுவந்தால் முதலில் அடிபடுவது நம் பிள்ளைகளும் தீவகப் பிள்ளைகளும்தான். உச்சரிப்பைப் பார்த்து மட்டம் தட்டும் பழக்கமும் இருக்கிறது. ஆகவே நம் கோரிக்கைகளை இந்த வரிசையில் வைக்கிறோம்.

முதலாவது, தோட்ட, தீவகப் பாடசாலைகளின் ஆங்கில ஆசிரியர் வெற்றிடங்கள் நிரப்பப்பட வேண்டும். அந்தந்த இடத்து இளைஞர் யுவதிகளுக்கே பயிற்சி கொடுத்து நியமிக்க வேண்டும். இரண்டாவது, ஆறாம் தரத்திலிருந்து ஒவ்வொரு தவணையிலும் பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் கேட்டலும் பேச்சும் இடம்பெற வேண்டும். பிள்ளையால் எது முடிகிறது, எது முடியவில்லை என்று தமிழில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும். மூன்றாவது, இவை நடந்த பின்பே பொதுப் பரீட்சையில் பேச்சுத் தேர்வு வரவேண்டும். அப்போதும் அதன் பெறுபேறு தனியாகக் காட்டப்பட வேண்டும். அதை வைத்து எந்தப் பிள்ளையும் தோற்கடிக்கப்படக்கூடாது.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. பாடசாலைக் கூட்டம் என்றால் அரைநாள் பேர் போகும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் போங்கள். எத்தனை மார்க் என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். "போன தவணை செய்ய முடியாத எதை இந்தத் தவணை என் பிள்ளை ஆங்கிலத்தில் செய்கிறது?" என்று கேளுங்கள். நமக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் இந்தக் கேள்வியைத் தமிழில் கேட்க உரிமை உண்டு.

இந்தத் தவணை முடிவதற்குள் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் பாடசாலையில் ஆங்கில ஆசிரியர் இருக்கிறாரா, இல்லையென்றால் எத்தனை மாதமாக இல்லை என்று எழுதிச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டும். மாதர் தலைவிகள் இதைப் பொறுப்பெடுக்கட்டும். தீவக ஆசிரியர் நண்பர்களிடமும் இதே விபரத்தைக் கேட்கிறோம். மலையும் தீவும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு வலயக் கல்விப் பணிமனைகளின் கதவைத் தட்டுவோம்.