மஞ்ச நோட்டீஸ் யாருக்கு?

"மஞ்ச நோட்டீஸ் கொடுத்துட்டா வீடு தப்பிச்சிடுமா தம்பி?"

போன வாரம் ஓர் அக்கா கேட்டார். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அப்பா விட்டுப்போன நத்தம் பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு வங்கி வங்கியாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில் 4 லட்சம் வாங்கியிருக்கிறார். தவணை நின்றதும் வீட்டுச் சுவரில் சிவப்பு பெயிண்டில் 'இச்சொத்து அடமானத்தில் உள்ளது' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். தெருவே படிக்க வேண்டும் என்பதுதானே நோக்கம்!

தப்பாது அக்கா என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

மஞ்ச நோட்டீஸ் என்பது 1920-ஆம் ஆண்டின் மாகாண திவால் சட்டம். சென்னை நகருக்கு 1909 சட்டம். வெள்ளைக்காரன் போட்ட அந்த 1920 சட்டத்தில் 500 ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாம். ஆனால் அடமானம் வாங்கியவரின் உரிமையை அது தொடாது. இன்னொரு கொடுமை: உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-ஆவது பிரிவின்படி, கைமாற்றுக் கடனுக்காக ஒரு கூலித் தொழிலாளி குடியிருக்கும் வீட்டை ஜப்தி செய்ய முடியாது. அடமானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே அந்தக் காப்பும் போய்விடுகிறது. இதைக் கையெழுத்து வாங்கும் ஏஜென்ட் எவனாவது சொல்வானா?

2016-ல் புதிய திவால் சட்டம் வந்தது. அதில் ஏழைகளுக்கென்று 'புதிய தொடக்கம்' என்றொரு அத்தியாயம். யாருக்குத் தகுதி? ஆண்டு வருமானம் 60,000-ஐத் தாண்டக்கூடாது. சொத்து 20,000-க்குள், கடன் 35,000-க்குள் இருக்க வேண்டும். சொந்த வீடு இருக்கவே கூடாது, அது அடமானத்தில் இருந்தாலும் சரி. குப்பை வண்டி தள்ளுகிற அக்காவே இதில் 'பணக்காரி'! இந்தப் பிச்சையைக்கூட நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. தனிநபர் பகுதியில் 2019 டிசம்பரில் உயிர் கொடுத்தது ஒரே ஒரு பிரிவினருக்கு: கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு. கம்பெனி திவாலானால் கடன்காரர்கள் சராசரியாக மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறார்கள். அதற்கு 'ஹேர்கட்' என்று செல்லப் பெயர். நம்மாளுக்கு சிவப்பு பெயிண்ட்.

கடன் வாங்குவது பொறுப்பின்மை என்று நம்மிடமே சிலர் பேசுகிறார்கள். தலைமுறைச் சொத்து இருப்பவனுக்குக் கடன் முதலீடு, இல்லாதவனுக்கு மட்டும் ஒழுக்கக்கேடா?

சரி, வீட்டைக் காக்க என்ன இருக்கிறது? 2002-இன் சர்ஃபேசி சட்டத்தைப் படியுங்கள், தோழர்களே. தவணை 90 நாள் தாண்டினால் வாராக்கடன். பிறகு 60 நாள் நோட்டீஸ். அதற்கு ஆட்சேபணை எழுதிக் கொடுத்தால் 15 நாளில் அவர்கள் காரணத்தோடு பதில் தர வேண்டும். நம் ஆட்கள் எழுதுவதே இல்லை, நோட்டீஸை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள். சுவாதீனம் எடுத்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயம் போக வேண்டும். சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. முன்சீப் கோர்ட்டுக்குப் போய் நாளை வீணாக்காதீர்கள், அங்கே வழக்கு எடுபடாது. வெளியேற மறுப்பவர்களை அப்புறப்படுத்த மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமைக் குற்றவியல் நடுவரின் உத்தரவு வேண்டும். நான்கு தடியர்கள் வந்து நின்றால் அது சட்டமாகிவிடாது. அசலிலும் வட்டியிலுமாக 20 சதவீதத்துக்குக் குறைவாகவே பாக்கி என்றால் இந்தச் சட்டத்தையே பயன்படுத்த முடியாது. விவசாய நிலத்தின் மீதும் முடியாது.

அக்காவின் நோட்டீஸில் இன்னும் 19 நாள் பாக்கி இருக்கிறது. தவணை ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆட்சேபணை எழுத உட்காருகிறோம். சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது வந்தால் நல்லது.