விஜயவாடாவுக்குத் தெற்கே நாங்களும் இருக்கிறோம்

திருவொற்றியூரிலிருந்து காசிமேட்டுக்கு எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டி ஓட்டிப் பாருங்கள். இடப்பக்கம் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகள். வலப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கும் லாரிகள். நடுவே இருக்கும் சந்தில்தான் நாங்கள் தினமும் வேலைக்குப் போகிறோம், பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறோம். அந்தச் சந்தில் சக்கரத்துக்கு அடியில் போனவர்கள் எங்கள் தெருக்களில் உண்டு. லாரி ஓட்டுநர்களும் பாவம்தான். கேபினிலேயே சோறு பொங்கி, கேபினிலேயே தூங்கி, வரிசை நகரக் காத்திருக்கிறார்கள்.

இத்தனை சரக்கும் ஏன் சாலையிலேயே வருகிறது? அத்திப்பட்டைத் தாண்டி வடக்கே போனால் இருப்பது இரண்டே ரயில் பாதை. கும்மிடிப்பூண்டி மின்சார ரயில், விஜயவாடா மார்க்கத்து விரைவு ரயில்கள், சரக்கு ரயில் எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. பயணிகள் ரயிலுக்கு வழிவிட்டுச் சரக்கு ரயில் ஒதுங்கிக் கிடக்கிறது. எப்போது போய்ச் சேரும் என்று தெரியாத ரயிலை நம்பி எந்த வியாபாரி பெட்டியை ஏற்றுவார்?

வடக்கே இதற்கு வழி கண்டுவிட்டார்கள். சரக்குக்கென்றே தனித்தடம் போட 2006இல் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். லூதியானா முதல் பீகாரின் சோன்நகர் வரை 1,337 கி.மீ., தாத்ரி முதல் நவி மும்பைத் துறைமுகம் வரை 1,506 கி.மீ. என்று இரண்டு தடங்கள். மேற்குத் தடத்தில் கண்டெய்னர்களை இரண்டடுக்காக ஏற்றிக்கொண்டு, 100 கி.மீ. வரை வேகமெடுத்து ரயில் ஓடுகிறது. எதற்கும் ஒதுங்க வேண்டியதில்லை.

நமக்கு? ஆரம்ப காலத் திட்டங்களில் சென்னை–கோவா தடம் பேசப்பட்டது. பிறகு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. 2021 மத்திய பட்ஜெட்டில் அறிவித்த கிழக்குக் கடற்கரைத் தடமோ கரக்பூரில் தொடங்கி விஜயவாடாவில் முடிகிறது. அங்கிருந்து சென்னை சுமார் 430 கி.மீ. கிருஷ்ணப்பட்டினம், காட்டுப்பள்ளி, எண்ணூர், சென்னை என நான்கு துறைமுகங்கள் அந்த மிச்சத் தூரத்தில்தான் இருக்கின்றன. துறைமுகங்களை விட்டுவிட்டுச் சரக்குத் தடம் யாருக்காக?

தடம் வந்த மறுநாளே எங்கள் சாலை காலியாகிவிடாது என்பது தெரியும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பெட்டிகள் லாரியில்தான் வரும். துறைமுக வாசலில் சோதனையை விரைவாக முடிக்க வேண்டும் என்ற கோரிக்கையும் அப்படியே நிற்கிறது. ஆனால் ஹைதராபாத்துக்கும் நாக்பூருக்கும் போகிற பெட்டிக்கு எங்கள் வீட்டு வாசலில் என்ன வேலை?

விஜயவாடா–சென்னை நீட்டிப்பு ஆய்வுக்கு ரயில்வே அமைச்சகம் நிதி ஒதுக்க வேண்டும். வடசென்னை, திருவள்ளூர் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பாராமல் இதைச் சேர்ந்து கேட்க வேண்டும். அதுவரை காத்திராமல், அத்திப்பட்டு–கும்மிடிப்பூண்டி இடையே கூடுதல் பாதைகளை முடித்துத் தர வேண்டும். பொன்னேரிப் பக்கம் வயல்கள் இருக்கின்றன. நிலம் கொடுப்பவர்களோடு முதலில் உட்கார்ந்து பேசி, பணத்தைக் கையில் கொடுத்த பிறகே அங்கே எல்லைக் கல் நட வேண்டும்.